பகல் பதினோரு மணி வாசகர்கள்

இங்கிலாந்தில் முதியோருக்கான இலவசப் பேருந்து அட்டை வார நாள்களில் காலை 9.30 மணிக்கு மேல்தான் செல்லும். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்களின் நெரிசல் ஓய்ந்த பிறகு ஏறிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. அந்த நாட்டின் ஊர் நூலகங்களில் பகல்நேர வாசிப்புக் குழுக்கள் 10.30, 11 என்று கூடுவதை இந்த அட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும். எழுபது வயதைத் தாண்டியவர் பனி உறைந்த நடைபாதையில் இரவு வீடு திரும்ப விரும்பமாட்டார். அமெரிக்காவில் பேருந்துக்குப் பதில் கார். இருட்டில் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசுவதால் இரவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டவர்கள், மூன்று மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டிய தாய்மார்கள், இரவுப்பணி முடித்துவந்த செவிலியர்கள் ஆகியோருக்குத் தோதான நேரம் பகல்தான்.

வாசிப்புக் குழு என்றதும் என்ன நூல் படிக்கிறார்கள் என்று கேட்கிறோம். எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. யார் உள்ளே வர முடியும், யார் பேச முடியும், அந்தப் பேச்சை வெளியுலகம் எவ்வளவு மதிக்கும் என்ற மூன்றையும் கூடும் நேரமே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது என்பது என் வாதம். அமெரிக்காவின் பொது நூலக வரலாற்றில் இதற்குச் சான்று நிறைய உண்டு. தமிழ்நாட்டு நூலகங்களைப் பற்றி யோசிக்கவும் அது உதவும்.

முதலில், அந்தக் குழுக்கள் நடக்கும் விதம். மாதம் ஒரு முறை, பெரும்பாலும் செவ்வாய், புதன் போன்ற கூட்டம் குறைந்த நாளில் கூடுகிறார்கள். நூலகம் ஒரே நூலின் பத்துப் பன்னிரண்டு பிரதிகளைத் துணிப்பையில் போட்டு வைத்திருக்கும். பையோடு ஆசிரியர் குறிப்பு ஒரு தாள், விவாதத்துக்கான கேள்விகள் ஒரு தாள், யார் எந்தப் பிரதியை எடுத்தார் என்று எழுதும் அட்டை ஒன்று. கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பை வேறு கிளையிலிருந்து வரவழைப்பார்கள். கேட்டுப் படிக்கிறவர்களுக்கு ஒலிநூல். ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரப் பேச்சு. நூலகர் நடத்துவார், அல்லது பழைய உறுப்பினர் ஒருவரிடம் விட்டுவிடுவார். மதிய இடைவேளையில் நடக்கும் குழுக்களுக்கு அவரவர் சாப்பாட்டைக் காகிதப் பையில் கொண்டுவருவதும் உண்டு. நூலைப் படித்து முடிக்காமல் வருவது குற்றமில்லை. ஆனால் முடிவைச் சொல்லாதீர்கள் என்று மற்றவர்களைத் தடுக்கும் உரிமை அப்படி வருபவருக்குக் கிடையாது. கட்டணமும் இல்லை. ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் பெண்களே மிகுதி, அவர்களிலும் ஓய்வுபெற்றவர்கள். பிரிட்டனில் ஜென்னி ஹார்ட்லி சுமார் 350 வாசிப்புக் குழுக்களை ஆராய்ந்து 2001இல் நூலாக்கினார். அவற்றில் பத்துக்கு ஏழு முழுக்கப் பெண்களின் குழுக்கள்.

இந்தப் பகல்நேரப் பழக்கத்தின் வேர் பொது நூலகங்களைவிடப் பழையது. 1839 நவம்பரில் பாஸ்டன் நகரத்தில் மார்கரெட் ஃபுல்லர் பெண்களுக்கென்று ஒரு தொடர் உரையாடலைத் தொடங்கினார். வாரம் ஒரு நாள், காலை 11 மணிக்கு. முதல் தொடரில் இருபத்தைந்து பெண்கள்போல வந்தார்கள். பொருள், கிரேக்கத் தொன்மம். அடுத்த ஆண்டு எலிசபெத் பீபடி என்ற பெண்மணி வெஸ்ட் தெருவில் புத்தகக் கடை திறந்ததும் உரையாடல் அங்கே மாறியது. அந்தக் கடையே ஒரு வாடகை நூலகமும்கூட. வெளிநாட்டு நூல்கள் அங்கே இரவலுக்குக் கிடைத்தன.

ஃபுல்லருக்கு இது பொழுதுபோக்கு அல்ல. 1835இல் தந்தை இறந்தபின் குடும்பம் அவர் தலையில் விழுந்தது. சிறுவயதிலேயே தந்தையிடம் லத்தீன் கற்றவர். ஆனால் ஹார்வர்டில் படிக்க வழியில்லை. பெண் பொதுமேடையில் நின்று காசு வாங்கிக்கொண்டு உரையாற்றுவது அன்றைய பாஸ்டனுக்கு ஒவ்வாதது. அதனால் உரை என்று சொல்லாமல் உரையாடல் என்றார். கட்டணம் வாங்கினார். (பிற்பாடு ஹார்வர்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி பெற்ற முதல் பெண் என்று இவரையே சொல்கிறார்கள்.) வந்தவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். காலை 11 மணிக்கு அவர்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு பெண்கள் இருந்தார்கள். இதை மறந்துவிட்டு ஃபுல்லரின் கூட்டத்தைக் கொண்டாடக் கூடாது.

1841 வசந்தத்தில் அவர் ஒரு மாற்றம் செய்து பார்த்தார். ஆண்களையும் சேர்த்து, மாலையில் ஒரு தொடர். சிந்தனையாளர் எமர்சன் வந்தார், கல்வியாளர் ஆல்காட் வந்தார், இன்னும் சில பாதிரியார்களும் பண்டிதர்களும் வந்தார்கள். அப்போது இருபது வயதுகூட நிரம்பாத கேரலைன் ஹீலி என்ற பெண் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். டால் என்ற மணப்பெயருடன் அவர் 1895இல் வெளியிட்ட நூலிலிருந்துதான் அந்த மாலைகளைப் பற்றி நமக்குத் தெரிகிறது. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பேச்சை இழுத்தார்கள். பெண்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தக் கலப்புத் தொடரை ஃபுல்லர் தன்னளவில் தோல்வியாகவே கருதினார் என்று டால் எழுதுகிறார். அதன்பின் மறுபடி பகலுக்கும் பெண்களுக்கும் திரும்பினார், 1844வரை. மாலை என்பதால் ஆண்கள் வர முடிந்தது, ஆண்கள் வந்ததால் பேச்சின் போக்கு மாறியது. ஒரே ஆள், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே பொருள். மாறியவை நேரமும் அதோடு வந்த ஆட்களும்தான். சமூக ஆய்வில் இவ்வளவு துல்லியமான ஒப்பீடு அரிதாகவே தானாக அமையும்.

இதே ஆண்டுகளில், பாஸ்டனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, லோவெல் நகரப் பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்த்தார்கள். வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கும் மேல். அவர்களுக்கும் வாசிப்புக் குழுக்கள் இருந்தன. ஆனால் இரவில், ஆலை மணி அடித்து ஓய்ந்தபின், தேவாலயக் கூடங்களில். அப்படி ஒரு குழுவிலிருந்து பிறந்ததுதான் 1840 முதல் 1845வரை வந்த 'லோவெல் ஆஃபரிங்' இதழ். முழுக்க ஆலைப் பெண்கள் எழுதியது. ஆலைக்குள் புத்தகம் கொண்டுவரத் தடை. பதினொரு வயதில் ஆலைக்குள் நுழைந்த லூசி லார்க்கம், தான் நிற்கும் இடத்துச் சன்னலோரத்தில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த கவிதைத் துண்டுகளை ஒட்டிவைத்து, நூல் அறாத நேரத்தில் படித்ததை நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பகல் அவருக்குச் சொந்தமில்லை. அந்தப் பகலின் ஓரத்தில் பசை தடவி ஒட்டியதுதான் அவருடைய நூலகம். ஃபுல்லரின் 11 மணியும் லார்க்கமின் சன்னலும் ஒரே மாநிலம், ஒரே பத்தாண்டு.

1868இல் நியூயார்க்கில் நடந்த கதை இன்னும் வெளிப்படையானது. அங்கு வந்திருந்த சார்ல்ஸ் டிக்கன்ஸுக்குப் பத்திரிகையாளர் மன்றம் டெல்மோனிகோ என்ற பெரிய உணவகத்தில் விருந்து வைத்தது. ஜேன் கன்னிங்காம் க்ரோலி புகழ்பெற்ற பத்திரிகையாளர். பெண் என்பதால் அவருக்கும் உடன் பணியாற்றிய பெண்களுக்கும் அழைப்பை மறுத்தார்கள். அவர்கள் கூடிச் சொரோசிஸ் என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். அதே டெல்மோனிகோவில் கூடினார்கள். ஆனால் மதிய உணவுக்கு. ஆண் துணையில்லாத பெண்களை இரவில் உள்ளே விடும் வழக்கம் நல்ல உணவகங்களில் இல்லை. பகல் வெளிச்சத்தில் தங்களுக்குள் சாப்பிட்டுப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பகல்நேரக் கூட்டம் பெண்களின் தேர்வு என்று சொல்கிறோம். அது அவர்களுக்கு விடப்பட்டிருந்த இடம் என்பதே சரி.

அங்கிருந்து மன்றங்கள் பரவின. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ போன்ற சில ஊர்களில் இன்னும் முன்பே பரவியிருந்தன. அவ்வூர்ப் பெண்கள் 1852இல் நூலகச் சங்கம் அமைத்து, 1879இல் சொந்தக் கட்டடமே கட்டிவிட்டார்கள். 1890இல் நாடளாவிய கூட்டமைப்பு உருவானது. இந்த மன்றங்கள் எல்லாம் ஒரே வழியில்தான் வளர்ந்தன. முதலில் பத்துப் பெண்கள் பிற்பகலில் ஒரு வீட்டில் கூடி ஷேக்ஸ்பியரோ வரலாறோ படிப்பார்கள். புத்தகம் போதவில்லை. ஆளுக்குச் சில நூல்களைப் போட்டு ஓர் அலமாரி. அலமாரி நிறைந்ததும் கடைக்கு மேலே ஓர் அறை. வெளியாருக்கும் இரவல். பிறகு நகர மன்றத்துக்குப் போய், இதை வரிப்பணத்தில் நடத்துங்கள் என்று நச்சரிப்பு. எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி நூலகம் கட்டப் பணம் தர முன்வந்தபோது அவர் வைத்த நிபந்தனை, ஊரே இடம் தர வேண்டும், ஆண்டுதோறும் நன்கொடையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது. அந்த நிபந்தனைக்கு ஊரைச் சம்மதிக்க வைத்தவர்கள் பல இடங்களில் இந்தப் பெண்கள். அமெரிக்கப் பொது நூலகங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்தை மகளிர் மன்றங்களே தொடங்கின என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1933இல் சொன்னதாக ஒரு கணக்கு திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. சதவீதத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பாதியாக இருந்தாலும் பெரிய செய்தி. நூலகம் வாசிப்புக் குழுவுக்கு அறை கொடுக்கிறது என்று இன்று நினைக்கிறோம். வரலாற்றில் வாசிப்புக் குழுதான் நூலகத்துக்கு அறை கொடுத்தது.

அந்த அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. 1900இல் அந்தக் கூட்டமைப்பின் மாநாட்டுக்குக் கறுப்பினப் பெண்கள் மன்றத்தின் பிரதிநிதியாக ஜோசஃபின் ரஃபின் போனார். ஏற்க மறுத்தார்கள். கறுப்பினப் பெண்கள் அதற்கு முன்பே, 1896இல், தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டிருந்தார்கள். பிலடெல்பியாவில் 1831இலேயே அவர்களுக்கு இலக்கியச் சங்கம் இருந்தது, ஃபுல்லருக்கு எட்டு ஆண்டு முன்பு.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெண்கள் கேலிப்பொருளானார்கள். 'நியூயார்க்கர்' இதழில் ஹெலன் ஹோக்கின்சன் வரைந்த கேலிச்சித்திரங்களில் தொப்பி வைத்த, சற்றே பருத்த, நடுவயது மன்றப் பெண்மணிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிற்பகலில் புத்தகத்தைப் பற்றிப் பேசும் பெண் என்றால் நகைச்சுவை என்றாகிவிட்டது. அதே நேரத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹட்சின்ஸும் ஆட்லரும் 1947இல் நிறுவிய பெருநூல்கள் அறக்கட்டளை, பொது நூலகங்களில் வாசிப்புக் குழுக்களைத் தொடங்கியபோது அதற்கு இந்தக் கேலி கிடைக்கவில்லை. அங்கே பிளேட்டோ இருந்தார். முதியோர் கல்வி என்ற கௌரவமான பெயரும் இருந்தது.

1996 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசகர் மன்றத்தை அறிவித்தார். அது பிற்பகல் நிகழ்ச்சி. வேலைக்குப் போகாத பெண்கள், ஓய்வுபெற்றவர்கள், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இருப்பவர்கள் பார்ப்பது. முதல் தேர்வு ஜாக்குலின் மிச்சர்டின் நாவல், இரண்டாவது டோனி மாரிசன். தேர்வான நூல்கள் லட்சக்கணக்கில் விற்றன, நூலகங்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2001இல் ஜோனதன் ஃப்ரான்சன் நாவல் தேர்வானபோது அவர் தயங்கினார். ஓப்ரா மன்றத்தின் முத்திரை அட்டையில் இருந்தால் ஆண் வாசகர்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்ற கவலையை வானொலிப் பேட்டியில் சொன்னார். நிகழ்ச்சிக்கான அழைப்பு ரத்தானது. அவரைத் திமிர் பிடித்தவர் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபமில்லை. இருநூறு ஆண்டுகளாக எழுதாமல் இருந்த ஒரு விதியை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். பகலில் படிக்கப்படும் நாவல் கனம் குறைந்தது என்பது அந்த விதி.

பகல்நேரக் குழுக்களின் பேச்சைப் பற்றி விமர்சகர்களுக்கு ஒரு புகார் உண்டு. நூலைப் பேசத் தொடங்கி, இரண்டாவது கால்மணியில் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது. பாதி உண்மைதான். ஹூஸ்டன் நகரப் பெண்களின் வாசிப்புக் குழுக்களை நெடுங்காலம் ஆராய்ந்து எலிசபெத் லாங் 2003இல் எழுதிய நூல் இதற்கு நல்ல பதில். தனியறையில் தலைகுனிந்து படிக்கும் தனிமனிதர் என்ற படம் நம் மனத்தில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் படம், படிப்பதைச் சாத்தியமாக்கும் கூட்டுறவை மறைத்துவிடுகிறது என்கிறார் அவர். நூலை வாழ்க்கையோடு உரசிப் பார்க்கும் பேச்சு இலக்கியத்துக்கு வெளியே போவதல்ல. ஆனால் மாமியார் பேச்சு நூலுக்குத் திரும்பி வருகிறதா என்பது முக்கியம். திரும்பி வந்தால் வாசிப்பு. வராவிட்டால் அரட்டை. அரட்டையும் மோசமில்லை, அதற்குப் பன்னிரண்டு பிரதிகள் தேவையில்லை என்பதுதான்.

பகலில் கூடிப் படிப்பதற்கு ஓய்வு வேண்டும் என்றுதான் இதுவரை சொன்னேன். ஓய்வே இல்லாத இடத்திலும் அது நடந்திருக்கிறது. 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில், தொழிலாளர்கள் கையால் இலை சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். படிப்பவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. அமெரிக்காவின் டாம்பா நகருக்கும் அது பரவியது. அங்கே 1931இல் முதலாளிகள் படிப்பவர்களை வெளியேற்றி வானொலிப் பெட்டியை வைத்தார்கள். கேரளத்தில் 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தின் கூடங்களிலும் இதே வழக்கம். ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றுவார்கள். படிப்பவரின் பங்கு பீடிகளை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றித் தருவார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றுவது பெரும்பாலும் பெண்கள், அவரவர் வீட்டில். கூடம் இல்லாததால் படிப்பவரும் இல்லை. மடியில் முறம், எதிரே தொலைக்காட்சி.

தமிழ் நாட்டுப்புறத்தில் பகல்நேரக் கூட்டு வாசிப்பு புதிதல்ல. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோவில் விழா நடக்கும்போது, அறுவடை முடிந்த கோடையில், பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். ஒருவர் வில்லிபுத்தூரார் பாடலை இசையோடு படிக்க, பிரசங்கியார் பொருள் சொல்லி, ஊர்க்கதை கலந்து விரிப்பார். பல நாள் தொடரும். இரவில் அதே கட்டத்தைத் தெருக்கூத்தாக ஆடுவார்கள். பகலில் நூல், இரவில் ஆட்டம் என்ற இந்தப் பங்கீடு கவனிக்க வேண்டியது. கூத்துக்கு ஊரே திரளும். பிரசங்கத்துக்கு வருகிறவர்கள் வேறு. வயதானவர்கள், பெண்கள், விளையாட்டு அலுத்த பிள்ளைகள். எழுத்துத் தெரியாதவருக்கும் இதில் முழு உரிமை. நகரங்களில் இதற்கு ஈடாக இருந்தது வாரப் பத்திரிகை. தொடர்கதையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கைமாற்றுவதும், கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பதும் இரண்டு தலைமுறைப் பெண்களின் பழக்கம். அதை வாசகர் வட்டம் என்று யாரும் பதிவு செய்யவில்லை. 1960களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அந்தப் பெயரில் பதிப்பகமே தொடங்கி, சந்தாதாரர்களை நம்பி 'அபிதா', 'நடந்தாய் வாழி காவேரி' போன்ற நூல்களைக் கொண்டுவந்தது தனி வரலாறு.

பிரிட்டிஷ் ஊர் நூலகத்துக்கும் நமக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாளிலேயே சலித்துப்போய் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கவே திரும்ப நினைத்தவர். அவ்வாண்டே லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கற்பித்த பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் நகர நூலகத்தின் தலைவர். அவருடைய நூலகத்திலும் பிற ஊர்களிலும் நூலகம் என்பது ஊரின் கூடமாக இயங்குவதை ரங்கநாதன் கண்ணால் பார்த்தார். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகள் நூலில், முதல் விதியை விளக்கும்போதே நூலகம் எங்கே இருக்க வேண்டும், எந்த நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பேசுகிறார். வாசகருக்குத் தோதான நேரம், நூலகருக்குத் தோதான நேரம் அல்ல. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தையே ஊர் ஊராக ஓட்டினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரி. சுதந்திர இந்தியாவில் முதலாவது சட்டம். அமெரிக்கப் பெண்கள் நகர மன்றத்தை நச்சரித்து வாங்கியதை இங்கே சட்டமே தந்தது. அதில் ஓர் இழப்பும் உண்டு என்று நினைக்கிறேன். நூலகத்தைக் கேட்டு வாங்கிய கூட்டம் நம்மிடம் உருவாகவில்லை.

இன்று ஒரு மாவட்ட மைய நூலகத்துக்குள் காலை 11 மணிக்கு நுழைந்தால் நாற்காலி கிடைப்பது கடினம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வீட்டிலிருந்து சொந்தப் புத்தகம், தண்ணீர்க் குப்பி, சாப்பாட்டு டப்பாவோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகத்தின் நூல் அவர்களுக்குத் தேவையில்லை. மின்விசிறியும் மேசையும் வீட்டில் இல்லாத அமைதியும்தான் தேவை. அதில் தவறென்ன? நூலகம் அவர்களுக்குச் செய்யும் பணி பெரிது. செய்தித்தாள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆண்கள். கிளை நூலகங்களில் கூட்டம் குறைவு. பல கிளைகள் மதியம் மூடி மாலையில் திறக்கும். நடுவயதுப் பெண்களை இந்த மூன்று இடங்களிலும் அதிகம் பார்க்க முடியாது. பேசினால் தேர்வுக்குப் படிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அமைதி காக்கவும் என்ற பலகை அவர் பக்கம் இருக்கிறது.

நூலகங்களோடு இணைந்த வாசகர் வட்டங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. பல ஊர்களில் கட்டடத்துக்கு வண்ணம் அடிப்பதிலிருந்து அலமாரி வாங்கித் தருவதுவரை அவர்கள் செய்யும் உதவி கொஞ்சமல்ல. ஆனால் அவர்கள் கூடுவது பெரும்பாலும் மாலையில் அல்லது ஞாயிற்றுக்கிழமை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் புகழ்பெற்ற உரைத்தொடருக்குப் பெயரே பொன்மாலைப் பொழுது. வடிவமும் வட்டம் அல்ல, மேடை. வரவேற்புரை, முன்னிலை, சால்வை, நூல் அறிமுகம், ஏற்புரை, நன்றியுரை. கேட்பவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்கலாம், நேரமிருந்தால். நல்ல உரைகளை இந்த மேடைகள் தந்திருக்கின்றன. ஆனால் ஒரு நூலைப் படித்தவர்கள் சரிசமமாக உட்கார்ந்து, எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்றால், என்று பேசும் இடம் அது இல்லை. மாலை ஆறரைக்கு, இரவுச் சமையல் நேரத்தில், அந்த நாற்காலிகளில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அங்கே போகிற எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பேருந்தைப் பொறுத்தவரை நிலைமை இங்கிலாந்தைவிட மேல். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. காலை வேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்தரைக்கு ஏறி, பன்னிரண்டரைக்குத் திரும்புவது சாத்தியம். இறங்கும் இடத்தில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கிய நூலக அறைதான் இல்லை. பள்ளி விடும் வேளைக்கு முன், சிறுவர் பகுதி பல கிளைகளில் காலியாகவே கிடக்கிறது. தேர்வு மாணவர்களின் அமைதியைக் கெடுக்காமல் அங்கே உட்கார்ந்து பேசலாம்.

நடைமுறையில் உண்மையான தடை வேறொன்று. துணிப்பையில் பன்னிரண்டு பிரதி என்ற முறை நம் நூலகத்தில் கிடையாது. பதிப்பாளர்கள் நூலக ஆணை என்று சொல்லும் கொள்முதலில், அரசு ஒரு தலைப்புக்குப் பல நூறு பிரதிகள் வாங்குகிறது. வாங்கியதும் அவை மாநிலம் முழுக்கப் பிரிந்து போகின்றன, ஒரு நூலகத்துக்கு ஒரு பிரதி. எல்லா ஊருக்கும் எல்லா நூலும் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தின் விளைவு. ஆனால் ஓர் ஊரில் பத்துப் பேர் ஒரே மாதத்தில் ஒரே நூலைப் படிக்க இதில் வழியில்லை. மாவட்ட நூலக அலுவலர் நினைத்தால் பத்துக் கிளைகளின் பிரதிகளை ஒரு மாதம் ஓரிடத்தில் சேர்க்கலாம், இரவல் பதிவேடு அதற்கு இடம் கொடுத்தால்.

அதுவரை ஒரே பிரதியைக் கொண்டு நடத்தக்கூடிய வடிவம் ஒன்று இருக்கிறது. லிவர்பூல் பக்கம் ஜேன் டேவிஸ் 2000களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, இன்று 'தி ரீடர்' என்ற தொண்டு நிறுவனமாக வளர்ந்திருக்கும் முயற்சியில், யாரும் வீட்டில் படித்துவிட்டு வருவதில்லை. நூலகத்திலோ முதியோர் இல்லத்திலோ கூடுகிறார்கள். ஒருவர் கதையை உரக்கப் படிக்கிறார். நடுவில் நிறுத்துகிறார். விரும்புகிறவர் பேசுகிறார், விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுபடி படிப்பு. படித்து முடிக்கவில்லையே என்ற கூச்சம் யாருக்கும் இல்லை, கண்ணாடி மறந்து வந்தவருக்கும் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் சம இடம். பிரசங்கியாரைக் கேட்டுப் பழகிய ஊர்களுக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றும் கிடையாது, நடுவில் நிறுத்திக் கேட்பவரைப் பேசவிடுவதைத் தவிர. புதுமைப்பித்தனின் சிறுகதை ஒன்று, கி. ராஜநாராயணனின் சிறுகதை ஒன்று என்று எடுத்தால் பேச்சோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் அடங்கும். கிளை நூலகத்தில் அந்தத் தொகுப்புகள் அனேகமாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி. கூட்டத்தை நடத்த நூலகரே போதும். காலைப் பொழுதில் அவருக்கு வேலை குறைவான நாள் எது என்று அவரைக் கேட்டு, அந்த நாளை வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், பல கிளைகளுக்கு வார விடுமுறை அன்றுதான்.